பழைய கால், புதிய வண்டி

மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு இடப்புறத்தில், கம்பிகளை வளைத்துச் செய்த தடுப்பு ஒன்று இருக்கும். 'சாரி கார்டு' என்பார்கள். பின்னால் உட்காருகிறவரின் துணி சக்கரத்தில் போய்ச் சிக்கக் கூடாது என்பதற்காக ஏற்பட்டது. 1989-ஆம் வருஷத்து மோட்டார் வாகன விதிகளில் இதைக் கட்டாயமாகவே ஆக்கியிருக்கிறார்கள். பார்வைக்கு அது லட்சணமான பொருள் அல்ல. மாட்டுக் கொட்டகையின் ஜன்னலைப் பெயர்த்து வந்து வண்டியில் மாட்டியது போலிருக்கும். ஆகையால், புது வண்டி வாங்கும் வாலிபர்களில் பலர் முதல் காரியமாக அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

என் நண்பர் 1990-ல் புல்லட் வாங்கியபோது அவரும் அப்படித்தான் பரணில் போட்டார். கறுப்பு வண்டி. டாங்கியில் தங்க நிறக் கோடு. தடுப்பு இல்லாமல் அது கம்பீரமாகத்தான் இருந்தது. 12 வருஷம் அந்த வண்டியில் அவர் சுற்றாத ஊர் இல்லை. 2002-ல் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில், பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவியின் பட்டுப் புடவைத் தலைப்பு சக்கரத்தில் சிக்கியது. வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்ததால் உயிர் பிழைத்தார். இடது தோள் எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது என்றாலும், இன்றைக்கும் அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு பாத்திரத்தை எடுக்க அந்த அம்மாளால் முடியாது.

ஒரு மாசத்துக்குள் நண்பர் வண்டியை விற்றுவிட்டார். என்ன விலைக்கு விற்றார் என்றுகூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிளைப் பற்றிய பேச்சு எழுந்தால், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்.

2025-ஆம் வருஷம் சித்திரையில், அந்த அம்மாள் என் வீட்டுக்கு வந்தார். நண்பர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"அண்ணா, உங்களால் ஒரு காரியம் ஆகணும். அவரை மறுபடியும் வண்டி ஓட்ட வைக்கணும்."

நான் விழித்தேன். அவர் கைப்பையிலிருந்து நண்பருடைய லைசென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"கார் ஓட்டுகிறார், அதற்காகப் புதுப்பிக்கிறார், சரி. ஒவ்வொரு தடவையும் கியர் வைத்த மோட்டார் சைக்கிளையும் சேர்த்தே புதுப்பிக்கிறாரே, அது எதற்கு? டாக்டரிடம் போய் சர்டிபிகேட் வாங்கி, வரிசையிலே நின்று, 23 வருஷமாக இதை விடாமல் காப்பாற்றுகிற மனுஷனுக்கு வண்டிமேல் ஆசை இல்லை என்றால் நான் நம்புவேனா? என்னால்தான் அவர் வண்டியை விட்டார் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். விழுந்தது நான், பயப்படுகிறது அவர். இது என்ன நியாயம்?"

எனக்கு வண்டி ஓட்டும் பழக்கம் உண்டு. எழுதுகிறவனுக்கு அடாத காரியம் என்று சில நண்பர்கள் இதைக் கருதுகிறார்கள். நாவல் எழுதுகிறவன் சாய்வு நாற்காலியிலேயே பிறந்து அதிலேயே மறைய வேண்டும் என்பது அவர்கள் கட்சி. அது கிடக்கட்டும்.

நண்பரிடம் போய் நான் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. நாங்கள் இருவரும் கல்லூரி விடுதியில் விளையாட்டாக 'நீர்' போட்டுப் பேச ஆரம்பித்தோம். அது அப்படியே நின்றுவிட்டது.

"ஆடி மாசம் ராமேசுவரத்துக்கு வண்டியில் போகிறேன். வருகிறீரா?" என்றேன்.

"எந்த வண்டியில்?"

"நீர் வாங்கப் போகிற வண்டியில். பணம் உம்முடைய சம்சாரம் கொடுக்கிறாள்."

அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "தனுஷ்கோடிப் பக்கம் சாலையிலே மணல் ஏறிக் கிடக்குமே" என்றார். சாலையைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்துவிட்டால் மனிதன் பாதி வழி வந்தாயிற்று என்று நான் தெரிந்துகொண்டேன்.

அவருடைய பயத்தைப் போக்குவதற்கு நான் முயற்சி செய்யவே இல்லை. அறுபது வயதுக்கு மேல் வண்டி ஏறுகிறவனுக்குப் பயம் நல்ல துணை. போக்க வேண்டியிருந்தது வேறொன்று. அது அவருடைய கால்களில் இருந்தது.

பழைய புல்லட்டை அறியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். திருவொற்றியூரில் 1950-களில் தயாராக ஆரம்பித்த அந்த வண்டியை அதன் சொந்தக்காரரைத் தவிர வேறொருவர் உதைத்துக் கிளப்புவது கஷ்டம். சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தி, விளக்குக்குப் பக்கத்திலுள்ள ஆம்பியர் மீட்டரில் முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்ததும் ஒரு சிறிய லீவரைப் பிடித்து என்ஜினின் இறுக்கத்தை விடுவித்து, கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை நகர்த்தி, லீவரை விட்டுவிட்டு, அப்புறம் உதைக்க வேண்டும். முறை தப்பினால் வண்டி திருப்பி உதைக்கும். கணுக்காலில் அதன் முத்திரை விழாத பழைய புல்லட்காரர் அபூர்வம்.

இன்று பொத்தானை அழுத்தினால் கிளம்புகிறது. அதைப் பழகிக்கொள்ள அரை நிமிஷம் போதும். கியர்தான் ஆபத்து. அந்தக் காலத்துப் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும். மற்ற மூன்றுக்கும் கீழே அழுத்த வேண்டும். இன்றைய வண்டியில் எல்லாம் தலைகீழ். கியர் இடது காலுக்கு வந்துவிட்டது, பிரேக் வலது காலுக்குப் போய்விட்டது. முதல் கியருக்குக் கீழே, மற்றவற்றுக்கு மேலே.

முதல் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், ஆள் இல்லாத ஒரு மைதானத்தில் நண்பர் புது வண்டியில் ஏறினார். 195 கிலோ எடையுள்ள வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்த அழகைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. இடுப்பு எதையும் மறக்கவில்லை. கிளம்பினார். இரண்டாவது கியர் போடுவதாக நினைத்து வலது காலை அழுத்தினார், அது பிரேக். வண்டி தலையைக் குனிந்து வணக்கம் சொல்லி நின்றது. மறுபடி கிளம்பினார். எப்படியோ மூன்றாவது கியருக்குப் போய்விட்டு, மைதானத்து மூலையில் நிறுத்துவதற்காக இடது காலை அழுத்தினார், அது கியர். வண்டி உறுமிக்கொண்டு திமிறியது. சுவருக்கு முன்னால் கைப் பிரேக் காப்பாற்றியது.

மறந்து போனவனுக்குக் கற்றுக் கொடுப்பது சுலபம். இவர் எதையுமே மறக்கவில்லை என்பதுதான் சங்கடம். 12 வருஷம் பழகிய கால்கள், 23 வருஷம் சும்மா இருந்த பிறகும், கேட்ட மாத்திரத்தில் பழைய பாடத்தை ஒப்பித்தன. நிதானமாகப் போகும்போது மூளை சொல்வதைக் கால் கேட்கும். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால் யார் சொல்வதைக் கேட்கும்? அந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் சாலைக்குப் போகக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

ஆகவே ஓட்டுவதை விட்டுவிட்டு நிறுத்துவதை மட்டும் பழகினோம். ஒரு காலைக்கு 40 தடவை. சந்தியாவந்தனம் போல, "இடது கியர், வலது பிரேக்" என்று ஹெல்மெட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே போவார். முன் பிரேக்கையும் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. 'முன் பிரேக்கைத் தொடாதே, கவிழ்ந்துவிடும்' என்பது நம் தலைமுறைக்குச் சொல்லப்பட்ட வேதவாக்கு. வண்டி நிற்கும்போது பாரம் முழுவதும் முன்சக்கரத்தின்மேல் சாய்வதால், நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு அதனுடையதுதான். 2019 முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏ.பி.எஸ். கட்டாயம், சடக்கென்று பிடித்தாலும் சக்கரம் இறுகிச் சறுக்குவதில்லை. இதை அவரை நம்ப வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆயிற்று. இப்படி எட்டு ஞாயிற்றுக்கிழமைகள்.

ஆடி பிறந்து பத்து நாள் கழித்துக் கிளம்பினோம். புதுச்சேரி, சிதம்பரம், நாகப்பட்டினம், பட்டுக்கோட்டை, தொண்டி, ராமநாதபுரம் என்று கடற்கரையை ஒட்டியே போகும் வழி. ஏறத்தாழ 600 கிலோமீட்டர், மூன்று நாள். நெடுஞ்சாலையில் ஒரே நாளில் போய்விடலாமே என்று கேட்டவர்கள் உண்டு. போகலாம். ராமேசுவரம் போய்ச் சேரலாம். ஆனால் வண்டி ஓட்டியதாக ஆகாது.

புறப்படும்போது ஒரு சிறு தர்க்கம் நடந்தது. பழக்கமுள்ளவன் முன்னால் போக வேண்டும், புதியவர் பின்தொடர வேண்டும் என்பதுதான் உலக வழக்கம். நான் அவரையே முன்னால் போகச் சொன்னேன். பின்னால் வருகிறவன் முன்னே போகிறவனை விட்டுவிடக் கூடாதே என்ற பதற்றத்தில், தன்னுடைய வேகத்தை மீறிவிடுவான். திருப்பங்களில் அது பொல்லாதது. முன்னால் போகிறவருக்கோ அவருடைய வேகமே வேகம். மணிக்கு 50 கிலோமீட்டர் போனார். லாரிகளும் பஸ்களும் எங்களை மதிக்கவில்லை. கடலூருக்கு அப்பால், பள்ளிக்கூடப் பையன் ஒருவன் ஸ்கூட்டரில் எங்களைத் தாண்டிப் போகும்போது திரும்பிப் பார்த்துப் பரிதாபப்பட்டான்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தினோம். களைப்பு வந்த பிறகு நிறுத்துவதில் பிரயோஜனமில்லை. வருவதற்கு முன்னால் நிறுத்த வேண்டும். கொள்ளிடத்தைத் தாண்டியதும் வயல்களில் உழவு நடந்துகொண்டிருந்தது. இரும்புச் சக்கரம் பூட்டிய டிராக்டர்கள் சாலையில் ஏறி இறங்கிய இடங்களில் சேறு கட்டி கட்டியாகக் கிடந்தது. அந்த இடத்தில் பிரேக்கைத் தொட்டால் வண்டி படுத்துவிடும். நண்பர் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, நிமிர்ந்தபடி, சேற்றைப் பார்க்காமல் அதற்கு அப்பாலுள்ள சாலையைப் பார்த்துக்கொண்டு கடந்தார். பள்ளத்தையே பார்க்கிறவன் பள்ளத்தில்தான் போய் விழுவான். இதை நான் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பழைய ஞாபகத்தில் இதுபோல் தங்கமும் இருந்தது.

மூன்றாம் நாள் காலை மல்லிப்பட்டினத்தருகே மனோராவைப் பார்த்தோம். நெப்போலியன் வீழ்ந்ததைக் கொண்டாடி, சரபோஜி மன்னர் 1814-ல் கட்டிய எட்டு அடுக்குக் கோபுரம். ஐரோப்பாவில் யாரோ தோற்றதற்குத் தஞ்சாவூர்க் கடற்கரையில் கோபுரம் எழுப்பிய பரந்த மனப்பான்மையைப் பற்றி நண்பர் ஒரு பிரசங்கமே செய்தார். இரண்டு நாளாக வாய் திறக்காமல் வந்தவர் பேசியதில் எனக்குச் சந்தோஷம்.

மீமிசலுக்கு அப்பால் கருவேலங் காட்டுக்குள்ளிருந்து ஓர் ஆட்டு மந்தை திடீரென்று சாலைக்குள் பாய்ந்தது. நான் அறுபது அடி பின்னால் வந்துகொண்டிருந்தேன். அவருடைய பின்விளக்கு சிவப்பாக எரிந்ததைப் பார்த்தேன். வண்டி நேர்கோட்டில் இறங்கி, கடைசி ஆட்டுக்கு இரண்டு முழம் இப்பால் நின்றது. ஆட்டுக்காரக் கிழவர் எங்களைத் திட்டிவிட்டுப் போனார்.

பக்கத்தில் போய், "எந்தக் காலால் அழுத்தினீர்?" என்று கேட்டேன்.

அவர் குனிந்து இரண்டு கால்களையும் பார்த்துக்கொண்டார்.

"தெரியலையே ஐயா!"

எட்டு ஞாயிற்றுக்கிழமைகளாக நான் காத்திருந்த பதில் அதுதான். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

பாம்பன் சாலைப் பாலத்தில் ஆடிக் காற்று வலப்புறத்திலிருந்து வண்டியைத் தள்ளியது. 1988-ல் திறந்த பாலம். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். காற்றை எதிர்த்து வண்டியைச் சற்றே சாய்த்துப் பிடித்தால்தான் நேராகப் போகும். பக்கத்தில் 1914-ஆம் வருஷத்து ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலமும் அண்ணன் தம்பி போல நின்றன. நாங்கள் இரண்டையும் பார்க்கவில்லை.

அந்தப் புதுப் பாலத்தின் வழியாக மறுநாள் காலை ரயிலில் நண்பரின் மனைவி வந்து சேர்ந்தார். இது எங்கள் திட்டத்தில் இல்லாதது. அவருடைய திட்டத்தில் இருந்திருக்கிறது. புடவை கட்டியிருந்தார். கையில் ஒரு புது ஹெல்மெட்.

"தனுஷ்கோடிக்கு நான் பின்னால் உட்கார்ந்து வருகிறேன்."

"சூடிதார் ஏதாவது கொண்டுவந்திருக்கிறாயா?" என்றார் நண்பர், குரல் எழும்பாமல்.

"இல்லை."

நண்பர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டியின் இடப்பக்கத்தில் மண்டியிட்டார். இந்த வண்டியில் சாரி கார்டு இருந்தது. வாங்கின நாளிலிருந்தே இருந்தது. அதன் திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கினார். முடுக்கியவற்றை மறுபடியும் முடுக்கினார். அந்த அம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் எழுந்திருக்கும்வரை அமைதியாக நின்றார்.

1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரைத் தாண்டி, 2017 முதல் அரிச்சல்முனை வரையில் தார்ச்சாலை போகிறது. இரண்டு பக்கமும் கடல். 20 கிலோமீட்டர் தூரத்தை அவர்கள் கடக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த அம்மாளின் வலது கை நண்பரின் தோளில் இருந்தது. நான் பின்னால் போனேன்.

சாலை முடியும் இடத்தில் அவர் இறங்கி, புடவையை உதறிவிட்டு, சக்கரத்தின் பக்கம் குனிந்து அந்தக் கம்பித் தடுப்பை வெகு நேரம் பார்த்தார்.

"இவ்வளவு அசிங்கமாகவா இருக்கும் இது? நீங்கள் கழற்றிப் போட்டதில் ஆச்சரியமே இல்லை."

அந்த விபத்தைப் பற்றி என் எதிரில் அவர்கள் பேசியது அதுதான் முதல் தடவை. நண்பர் பதில் சொல்லவில்லை. மாங்காய் விற்ற பெண்ணைக் கூப்பிட்டு மூன்று பேருக்கும் வாங்கினார். சில்லறையை எண்ணிக் கொடுக்க அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

ராமேசுவரத்திலேயே ரயில் ஏறுவதாக இருந்த அந்த அம்மாள், ராமநாதபுரம் வரையில் வண்டியிலேயே வருவதாகச் சொல்லிவிட்டார். பாம்பன் பாலத்தில் காற்று அன்றைக்கு இன்னும் பலமாக வீசியது. பாலத்தின் நடுவில் அவர் ஏதோ சொல்ல, நண்பர் தலையை அசைத்து வேகத்தைக் குறைத்தார். என்ன சொன்னீர்கள் என்று ராமநாதபுரம் ஸ்டேஷனில் விசாரித்தேன்.

"வருகிறபோது ரயிலில் தூங்கிவிட்டேன். பாலத்தைப் பார்க்கவில்லை. அதனால் மெதுவாகப் போகச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, ஹெல்மெட்டை என்னிடம் கொடுத்துவிட்டு ரயில் ஏறினார்.