எலும்பை இணைப்பது எது?



முதுகுவலி நம் குடும்பங்களுக்குப் புதியதல்ல. வலி முற்றி, நரம்பு நசுங்கி, "இரண்டு முள்ளெலும்புகளை ஒன்றாக இணைக்கவேண்டும்" என்று வைத்தியர் சொல்லும் நாளில், வீட்டாரின் கையில் ஒரு விலைத்தாளும் வந்து சேருகிறது. டைட்டானியம், பீக் என்று அதில் எழுதியிருக்கும்; விலைகளும் வெவ்வேறாயிருக்கும். ஜெபிக்கும்படி நான் சென்ற வீடுகளில், "பாஸ்டர், விலை கூடியதுதானே நல்லது? கடன்பட்டாவது அதையே வைத்துவிடலாமா?" என்று பலர் என்னிடம் கேட்டதுண்டு. நான் வைத்தியன் அல்ல. ஆகிலும் கேட்டும் வாசித்தும் அறிந்ததை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, எலும்புகளை இணைப்பது உலோகம் அல்ல, எலும்பே. 1911-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ரஸ்ஸல் ஹிப்ஸ், ஃபிரெட் ஆல்பி என்னும் இரு வைத்தியர்கள் தனித்தனியே இச்சிகிச்சையை வெளியிட்டபோது, நோயாளியின் சொந்த எலும்பையே பயன்படுத்தினார்கள். ஆல்பி, கால் எலும்பில் ஒரு துண்டை எடுத்து முதுகில் பதித்தார். எலும்பு கூடும்வரை நோயாளி நெடுநாள் படுக்கையில் கிடக்கவேண்டியிருந்தது. இன்று வைக்கப்படும் திருகாணியும், கம்பியும், டிஸ்க் இருந்த இடத்தில் பொருத்தப்படும் கேஜும் எலும்பு வளரும்வரை அசையாமல் தாங்கிப்பிடிக்கும் துணைகளே.

அவைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். முன்னாட்களில் துருப்பிடிக்காத எஃகு மிகுதியாய்ப் பயன்பட்டது. உறுதியானதுதான், ஆனால் எம்.ஆர்.ஐ. படத்தை வெகுவாய்க் கெடுக்கும். டைட்டானியம் அவ்வளவு கெடுக்காது. எலும்பும் அதன்மேல் ஒட்டி வளரும். ஆகிலும் அது எலும்பைவிடப் பல மடங்கு விறைப்பானது. எலும்பின் அடர்த்தி குறைந்தவர்களுக்குக் கேஜ் முள்ளெலும்புக்குள் அமிழ்ந்துவிடக்கூடும். பீக் என்பது உறுதியான ஒருவகைப் பிளாஸ்டிக். அதன் விறைப்பு எலும்புக்குச் சமீபமானது. எக்ஸ்ரே அதை ஊடுருவிச் செல்வதால், எலும்பு வளர்ந்திருக்கிறதா என்று வைத்தியர் தெளிவாய்க் காணலாம். ஆனால் வெறும் பீக்கின்மேல் எலும்பு எளிதில் ஒட்டுவதில்லை. ஆகையால் சிலவற்றில் டைட்டானியம் பூசுகிறார்கள். டைட்டானியத்தையே முப்பரிமாண அச்சில் நுண்துளைகளோடு செய்து, அதன் விறைப்பைக் குறைப்பதும் உண்டு.

பார்த்தீர்களா? ஒவ்வொன்றிலும் ஒரு நன்மையும் உண்டு, ஒரு குறையும் உண்டு. எல்லாருக்கும் மேலானது இதுவே என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட இயலாது. விலையைக்கொண்டு அளக்கவும் இயலாது. எலும்பு கூடாமற்போனால், எந்த உலோகமும் நாளடைவில் தளரும் அல்லது முறியும். புகைபிடித்தல், கட்டுக்கடங்காத சர்க்கரை, எலும்பு பலவீனம் ஆகியவை எலும்பு கூடுவதைத் தடைசெய்யும். புகையை விட்டுவிடப் பணம் வேண்டியதில்லை; மனமே வேண்டும்.

ஆதலால் கையெழுத்திடுமுன் வைத்தியரிடம் தாழ்மையோடும் தைரியத்தோடும் கேளுங்கள்: இந்தப் பொருளை எனக்கென்று தெரிந்துகொண்டதன் காரணம் என்ன? என் எலும்பின் அடர்த்தியைப் பார்த்தீர்களா? இணைப்புக்கான எலும்பை எங்கிருந்து எடுப்பீர்கள்? இடுப்பெலும்பிலிருந்து எடுத்தால் அந்த இடத்திலும் சிலகாலம் வலி இருக்கும். சரீரத்தில் வைத்த பொருளின் பெயர் அச்சிட்ட ஒட்டுச்சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது அது உதவும்.

எலும்பு கூடி வரப் பல மாதங்கள் செல்லும். அந்த நாட்களில் நோயாளியைப் பாரம் தூக்கவும் அவசரப்பட்டு வேலைக்குத் திரும்பவும் விடாமல் காத்துக்கொள்வது வீட்டாராகிய உங்கள் கடமை.