கம்பளமும் ஓலைப்பாயும்

வீட்டு அலங்காரம் பற்றிய வண்ணப் பக்கங்களைப் புரட்டும் பழக்கமுடையோர் ஒருவகைக் கம்பளத்தை அடிக்கடி கண்டிருப்பர். பாலாடை நிறத்தில் அடர்ந்த கம்பளி. அதன்மேல் கைபோன போக்கில் இழுத்தாற்போன்ற கரிய சாய்சதுரக் கோடுகள். சென்ற தவணை என் மாணவி ஒருத்தி சித்திரபாட ஒப்படைக்காக அதன் படத்தை வெட்டி ஒட்டிக் கொணர்ந்தாள். "சேர், வீடென்றால் இப்படி ஒன்று வேண்டும். எங்கள் வீட்டில் பழைய ஓலைப்பாய்தான்" என்றாள். அவள் குரலில் இருந்த கூச்சமே என்னை இதனை எழுதத் தூண்டிற்று.

அக்கம்பளத்தின் பிறப்பிடம் மொரோக்கோ நாட்டின் அட்லஸ் மலை. பேர்பர் எனப் பிறரால் அழைக்கப்பட்டு, அமாசிக் எனத் தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும் மக்கள் அங்கு வாழ்கின்றனர். அவர்களுள் பெனி உராய்ன் என்னும் குலத்தாரின் வெண்கம்பளம் பெயர்பெற்றது. ஆட்டுமயிரை நூலாக்கி, நிமிர்ந்து நிற்கும் தறியிலே முடிச்சு முடிச்சாக நெய்பவர்கள் பெண்களே. ஆபிரிக்கா என்றதும் நாம் வெயிலையே நினைக்கிறோம். அம்மலையிலோ மாரிக்காலத்திற் பனி மூடும். ஆகவே அது அலங்காரத்துக்காகப் பிறந்த பொருளன்று. குளிருக்கு விரிக்கவும் போர்த்தவும் பிறந்தது. இருபதாம் நூற்றாண்டிலே லெ கொர்புசியே, அல்வார் ஆல்ட்டோ முதலிய கட்டடக் கலைஞர்கள் தாம் அமைத்த எளிய வெண்சுவர் இல்லங்களுக்கு அது பொருந்துமெனக் கண்டனர், மதிப்பு ஏறிற்று. பழைய ஆடைகளைக் கீற்றாகக் கிழித்து நெய்த பூஷெருயித் என்னும் கம்பளத்தையுங்கூட இன்று செல்வர் தேடி வாங்குகின்றனர். கந்தலுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

இனி, அம்மாணவி கூசிய பாயைப் பார்ப்போம். பனையின் இளஞ்சார்வோலையை வெட்டி, வெயிலில் உலர்த்தி, பனியிலே பதமாக்கி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்துகொள்ள வேண்டும். தறியில்லை, ஊசியில்லை. நிலத்தில் அமர்ந்து, ஓலையைக் காலால் அமர்த்தி, மூலையிலிருந்து குறுக்காக இழைத்துச் செல்லவேண்டும். 'பாய் நெய்தல்' என்று எங்கள் பக்கத்தில் ஒருவரும் சொல்வதில்லை. 'பாய் இழைத்தல்' என்போம். குளங்கள் மலிந்த வன்னியிலே பன்பாயும் உண்டு. படுக்கைக்கு அது மெதுமையானதுதான். ஆயினும் முற்றத்து வேலைக்கு ஓலைப்பாயே ஏற்றது என்பது என் கட்சி. நெல் காயவிடவும், ஒடியல் உலர்த்தவும், பனாட்டு ஊற்றவும் அதுவே உதவும். குழந்தை இருக்கத் தடுக்கு உண்டு. வந்தவர் யாராயினும் முதலில் பாய் விரித்து இருத்துதல் நம்மவர் மரியாதை.

2009 தை மாதத்தில், பரந்தன்-முல்லைத்தீவு வீதிவழியே எங்கள் தர்மபுரமும் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தது. உழவு இயந்திரப் பெட்டியில் கட்டிலுக்கு இடமிருக்கவில்லை. ஏற்றிச்சென்ற கதிரையும் சில நாளில் விறகாயிற்று. அம்மா இரண்டு ஓலைப்பாய்களைச் சுருட்டி எடுத்தார். ஒன்றினுள்ளே காணி உறுதியும் என் பட்டச் சான்றிதழும் இருந்தன. பதுங்குகுழியின் ஈரமணலில் அப்பாய்களையே விரித்தோம். தறப்பாள் கொட்டிலிலும் அவற்றையே விரித்தோம். பின்னர் செட்டிக்குளம் முகாமிலே, வேறொரு குடும்பத்துடன் ஒரே கூடாரத்தில் இருந்தபொழுது, எங்கள் பாயின் ஓரம் எதுவோ அதுவே எங்கள் வீட்டின் எல்லை. அந்த ஓரத்தைத் தாண்டிக் காலை நீட்டக்கூடாதென்று அம்மா கண்டிப்பாகச் சொல்லுவார். மீண்டு வந்தபின், பிய்ந்துபோன அதனை எறிய ஒருபோதும் அவர் விடவில்லை.

இப்பொழுது ஊரெங்கும் பிளாஸ்டிக் பாய். கழுவலாம், விலையும் மலிவு. கூலிவேலைக்கு ஓடும் குடும்பத்தை இதற்காகக் குறைகூற எனக்கு மனம் வராது. ஆயினும் பங்குனி வெக்கையில் அதன்மேற் படுத்தவருக்கு வேர்வையின் அருமை தெரியும்! வசதியுடையோர் சிலரோ ஓலைப்பாயைக் கலைப்பொருளென்று சுவரில் மாட்டிவிட்டு, விருந்தினரைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்துகின்றனர். அட்லஸ் மலைக் கம்பளத்தைக்கூட அந்தக் கலைஞர்கள் நிலத்திலேதான் விரித்தார்கள். பளிங்குத்தரை போட்ட புதுவீட்டு விறாந்தையிலும் ஓலைப்பாய் அழகாகவே இருக்கும். ஈரத்தில் விடாது, இடையிடையே வெயில் காட்டிச் சுருட்டி வைத்தாற் போதும்.

ஆனால் வாங்குவதற்குப் பாய் வேண்டுமே! எங்கள் ஒழுங்கையில் இழைக்கத் தெரிந்தவர் இப்பொழுது ஓர் ஆச்சி மட்டுமே. நாட்கணக்கில் குனிந்திருந்து இழைத்த பாய்க்கு, பிளாஸ்டிக் பாயின் விலையைச் சொல்லிப் பேரம் பேசுகிறார்கள் என்று அவர் நொந்துகொள்கிறார். அம்மாணவியை ஒருநாள் அவரிடம் அழைத்துச் சென்றேன். பிள்ளையின் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பழகலாம் மோனை, விரல் நீளம்தான். சார்வு வெட்டித்தர ஆளில்லையே, என்ன செய்ய?" என்றார் ஆச்சி. பனை ஏறுபவர் ஒருவர் விசுவமடுப் பக்கம் இருப்பதாகக் கேள்வி. வருகிற சனிக்கிழமை அவரைத் தேடிப் போகவிருக்கிறேன்.