ஒன்றுக்கு முப்பத்தாறு

“மலருக்கு ஏதாவது எழுதிக் குடு மச்சான். கவிதை மட்டும் வேணாம், ஏற்கெனவே நாப்பத்திரண்டு வந்துடுச்சு” என்று பேரவை நண்பன் கையெடுத்துக் கும்பிட்டான். கவிதை எனக்கு வராது என்பதால் அவன் பிழைத்தான். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதற்காகத்தான் நம் வகுப்பில் என்னை “பொம்மை” என்று கூப்பிடுகிறார்கள்.

ஆமாம் நண்பர்களே, பிளாஸ்டிக் பொம்மைக் காரைப் பிரித்து, தேய்த்து, பெயிண்ட் அடித்து, நிஜ வண்டி மாதிரி ஆக்குவதுதான் என் பொழுதுபோக்கு. பதினெட்டு வயசுக் கழுதைக்கு இது தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஏ.எம்.டி. என்ற கம்பெனி 1958-இல் “ஒன்றில் மூன்று” என்று ஒரு பெட்டி விற்றது. உள்ளே சட்டத்தில் கோத்த பாகங்கள் இருக்கும். வெட்டி ஒட்டினால் கம்பெனி வண்டியாகவும் செய்யலாம், பந்தய வண்டியாகவும் செய்யலாம், நம் இஷ்டத்துக்கு மாற்றி வேறு வண்டியாகவும் செய்யலாம். அன்றிலிருந்து நரைத்த தலைகள்கூட இதில் உட்கார்ந்திருக்கின்றன. அந்த மாதிரிப் பெட்டி இங்கே வந்து சேரும்போது சில ஆயிரம் ரூபாய் ஆகிவிடுகிறது. அதனால் நம் ஊர்ப் பையன்கள் வழி வேறு. டெல்லியில் சென்டி கம்பெனி போடும் பஸ், லாரி, கார் பொம்மைகளை வாங்கி, பெயிண்டை உரித்துவிட்டு, நமக்குத் தெரிந்த ரூட் பஸ்ஸாக மாற்றிவிடுவது. தமிழ்நாட்டில் இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது.

நான் செய்ய நினைத்தது பஸ் இல்லை. ஒரு வெள்ளை அம்பாசிடர்.

என் அப்பா அதை ரொம்ப வருஷம் ஓட்டினார். சொந்த வண்டி இல்லை, முதலாளி வண்டி. புதுச்சேரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருப்பார். 2016-இல் முதலாளி அதை விற்றுவிட்டார். அப்பா இப்போது லோடு வண்டி ஓட்டுகிறார். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் 2014-லேயே அம்பாசிடர் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். 2017-இல் அந்தப் பேரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது யார் தெரியுமா? பிரெஞ்சுக்காரனுடைய பெஜோ! இதை அப்பாவிடம் சொன்னபோது, “நம்ம ஊரையே வெச்சிருந்தவன், பேரை வாங்க மாட்டானா?” என்றார். அவர் பள்ளிக்கூடம் போகாதவர். பேச்சுக்கு மட்டும் குறைவில்லை.

வீட்டில் அந்த வண்டியின் படம் ஒன்றுதான் இருக்கிறது. எனக்குக் காது குத்தியபோது எடுத்தது. முன்னால் அம்மா, ஆயா, மொட்டைத் தலையோடு நான். பின்னால் பானட்டில் மாலை போட்ட அம்பாசிடர். படத்தில் எல்லாரையும்விட அதுதான் தெளிவாக விழுந்திருக்கிறது.

போன வருஷம் ஜூலையில், காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய சாமான் குவியலுக்குள் ஒரு அம்பாசிடர் பொம்மை கிடந்தது. பின்னால் இழுத்து விட்டால் ஓடும் ரகம். ஸ்பிரிங் போய்விட்டது, சக்கரம் ஒன்று இல்லை. நாற்பது ரூபாய் என்றான், முப்பதுக்கு முடித்தேன்.

முதல் வேலையாக வெர்னியரை எடுத்தேன். நிஜ அம்பாசிடரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடு தூரம் 2,464 மில்லிமீட்டர். பொம்மையில் 68.5. வகுத்துப் பாருங்கள், ஒன்றுக்கு முப்பத்தாறு. நீளத்தையும் பார்த்தேன். 4,325-க்கு 120. அதுவும் முப்பத்தாறுதான்! முதல் வருஷம் டிராயிங் பேப்பரில் அரியர் வைத்தவன் நான். “ஸ்கேல்” என்று புத்தகத்தில் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. பொம்மையின் மேல் பெயிண்ட் 0.1 மில்லிமீட்டர் கனம் ஏறினால் நிஜ வண்டியில் 3.6 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசிய மாதிரி. கதவு இடுக்கெல்லாம் அடைத்து, இட்லி மாவில் முக்கி எடுத்த வண்டிபோல் ஆகிவிடும். அதனால்தான் பழைய பெயிண்டை முதலில் உரிக்க வேண்டும், கதவுக் கோடுகளைக் கத்தி முதுகால் இன்னும் கொஞ்சம் ஆழமாகக் கீற வேண்டும், புதுப் பெயிண்டை மெல்லிசாக மூன்று நாலு தடவை அடிக்க வேண்டும்.

உரிக்கும்போதுதான் முதல் விபத்து. பெயிண்ட் என்றால் தின்னர் என்று நினைத்துத் துணியில் நனைத்து மேலே தேய்த்தேன். பெயிண்டோடு கூரையும் சேர்ந்து வந்தது! சுட்ட அப்பளம் மாதிரி குமிழ் குமிழாகச் சுருங்கிவிட்டது. பிளாஸ்டிக் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்திருந்தேன். இரும்பில் வேலை செய்பவனுக்கு வரும் புத்தி இது. நம் பொம்மை பிளாஸ்டிக்கைத் தின்னர் கரைத்துவிடும். மீதியைத் தண்ணீர் தொட்டு எமரி பேப்பரால் தேய்த்தேதான் எடுத்தேன். நானூறு, அறுநூறு, கடைசியில் ஆயிரம் நம்பர். பதினோரு நாள் சாயங்காலம் போனது.

பிளாஸ்டிக்கிலும் ஜாதி உண்டு என்பதற்கு இன்னொரு சாட்சி எங்கள் தெருவிலேயே இருந்தது. பக்கத்து வீடு சொல்தா வீடு. அந்தத் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அலமாரியில் ஒரு குட்டிக் கார் வைத்திருக்கிறார்கள், அடியில் “நோரேவ்” என்று எழுதியிருக்கும். லியோன் நகரத்தை ஒட்டிய வில்லெர்பனில் இருந்த கம்பெனி அது. வெரோன் என்ற குடும்பப் பெயரைத் திருப்பிப் போட்டால் நோரேவ். 1953-இலிருந்து பிளாஸ்டிக்கில் கார் போட்டார்கள். அலமாரியில் இருப்பது பெஜோ 403. யாரும் அதைத் தொட்டதில்லை, வெயிலில் வைத்ததில்லை. ஆனால் வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கிறது. அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் வருஷம் ஆக ஆகத் தானாகவே வளையுமாம். “எனக்கும் அதே வளைவுதான்” என்று தாத்தா முதுகைக் காட்டினார்.

என் கூரைக் கதைக்கு வருகிறேன். குழிகளை எம்-சீல் வைத்து அடைத்துத் தேய்த்தேன். அப்படியும் முழுசாகச் சரியாகவில்லை. அப்பா வண்டியில் லக்கேஜ் கேரியர் இருந்தது நல்லதாகப் போயிற்று. மெல்லிய கம்பியில் கேரியர் செய்து அசிங்கத்தை மூடிவிட்டேன். பம்பரின் பளபளப்புக்கு மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள். சைலன்சர் குழாய்க்குக் காலி ரீஃபில். கண்ணாடிதான் பெரிய பாடு. ஆயாவின் பழைய எக்ஸ்ரே படத்தை பிளீச்சிங் தண்ணீரில் ஊறப்போட்டால் கறுப்பு வழுவழுவென்று கழன்று, லேசான நீலத்தில் தாள் கிடைக்கும். அதை வெட்டி ஃபெவிக்விக்கால் ஒட்டினேன். மறுநாள் பார்த்தால் பனி பிடித்த மாதிரி வெள்ளை! அந்தப் பசையின் ஆவி கண்ணாடியில் படியும். சாதா ஃபெவிகால் போதும், காய்ந்தால் தெரியாது. செய்ய நினைப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். ஆயாவுக்கு எக்ஸ்ரே போனது இன்னும் தெரியாது.

இனி சொல்லப்போவதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

வெள்ளை ஸ்ப்ரே டின் முதலாவதை என் காசில்தான் வாங்கினேன். கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறிச் சம்பாதித்த காசு. பொறுமையில்லாமல் நவம்பர் மழையிலேயே அடித்துவிட்டேன். காற்றில் ஈரம் இருந்தால் காயும்போது பெயிண்டும் அதை வாங்கிக்கொள்ளும் என்று கடைக்காரர் சொல்லியும் கேட்கவில்லை. பளபளப்பே இல்லாமல், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆயிற்று. திரும்பத் தேய்க்க வேண்டும், திரும்ப டின் வாங்க வேண்டும். 260 ரூபாய். கையில் இருந்தது அப்பா கொடுத்த தேர்வுக் கட்டணம் மட்டும்தான்.

அடுத்த முகூர்த்தத்தில் பரிமாறி ஈடுகட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஒன்றுக்கு முப்பத்தாறு கணக்கெல்லாம் தெரிந்தவனுக்கு, மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பது தெரியாமல் போயிற்று. கடைசி நாள் தாண்டியது. அபராதம் நூறு. வீட்டில் போய், “ஃபீஸ் ஏத்திட்டாங்கம்மா, இன்னும் 360 வேணும்” என்றேன். அம்மா மகளிர் குழுவில் கட்ட வைத்திருந்த காசை எடுத்துக் கொடுத்தாள். அப்பா ரசீது கேட்கவில்லை. கேட்டாலும் அவரால் படிக்க முடியாது. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அது எனக்கு முதலில் உதவியது இந்தப் பொய்க்குத்தான்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1930 முதல் 1968 வரை அமெரிக்கப் பையன்களுக்கு ஒரு போட்டி நடத்தியது. பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் தானே ஒரு காரை வடிவமைத்துச் செய்ய வேண்டும். ஜெயித்தால் காலேஜ் படிப்புக்கு உதவித்தொகை. 1947-இல் பரிசு வாங்கிய சக் ஜோர்டன் 1986-இல் அந்தக் கம்பெனியின் வடிவமைப்புப் பிரிவுக்கே தலைமைக்கு வந்தார். இதைப் படித்தபோது அப்பா என்னைத் திட்டினால் எடுத்துவிடலாம் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவனுங்க குட்டிக் காரை வைத்துப் படிப்புக்குக் காசு வாங்கினார்கள். நான் படிப்புக் காசை எடுத்துக் குட்டிக் காருக்குக் கொட்டினேன். இதை எந்த வாயால் சொல்வது?

பொங்கல் கழித்து, வெயிலில் டின்னைக் கொஞ்சம் சூடாக்கி, ஒரு சாண் தள்ளி நின்று, மெல்லிசாக அடித்தேன். நன்றாக வந்தது. நிஜமாகவே நன்றாக வந்தது. பி.ஒய்.01 நம்பர் பிளேட் எழுதி முடித்து, அப்பா சாப்பிட்டு எழுந்ததும் உள்ளங்கையில் வைத்தேன்.

“படிக்க அனுப்புனா பெயிண்ட் அடிச்சிட்டிருக்கியா?” என்றார். ஆனால் கீழே வைக்கவில்லை. டியூப்லைட் கிட்டே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பின்னாடி எடது கதவு தப்புடா.”

“ஏன்பா?”

“அது வேற வெள்ளை. கடலூர் ரோட்டுல ஒரு லாரிக்காரன் உரசிட்டான். காயலாங்கடையில பழைய கதவு வாங்கிப் போட்டோம். கொஞ்சம் மஞ்சள் அடிக்கும். படத்துல அந்தப் பக்கம் உங்க ஆயா நிக்குது பாரு, அதான் உனக்குத் தெரியல.”

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசினார். புயல் மழையில் யாரையோ ஜிப்மருக்குக் கொண்டு போனது, திருப்பதி மலையில் ரேடியேட்டர் கொதித்தது. இத்தனை வருஷத்தில் என்னிடம் அவ்வளவு நேரம் அவர் பேசியதில்லை. எழுந்து போகும்போது, “பெயிண்டுக்கு எவ்ளோ ஆச்சு?” என்றார்.

“நூறு ரூபாப்பா” என்றேன்.

தை, மாசியில் விடாமல் பந்தி பரிமாறியதில் 360 ரூபாய் சேர்ந்துவிட்டது. ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. எப்படி எடுத்துக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. கதவையும் இன்னும் மாற்றவில்லை.

போன வருஷ மலரில் என் பேர் விளையாட்டுப் பக்கத்தில் வந்ததற்கே, ஒன்பதாவது படிக்கும் என் தங்கை அப்பாவையும் அம்மாவையும் உட்காரவைத்து அட்டையிலிருந்து விளம்பரம் வரைக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினாள். இந்த வருஷமும் படிப்பாள். ஒரு வரி விடமாட்டாள்.

(மூன்றாமாண்டு, மெக்கானிக்கல்)