நாய் பிடிக்கிறவர்

மேசையில் கிடந்த பொமரேனியனுக்கு எட்டு வயது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை; தண்ணீரைக் குடிப்பதும் வாந்தி எடுப்பதுமாக இருந்தது. போன மாதம்தான் தீட்டுப்பட்டது என்று வீட்டுக்கார அம்மா சொன்னதுமே டாக்டரம்மா ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்தார். "கர்ப்பப்பை முழுக்கச் சீழ். இன்னைக்கே எடுத்தாகணும்."

மதுரையில் ஒரு சின்னத் தனியார் கால்நடை மருத்துவமனை அது. டாக்டரம்மா படித்தது 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில், வேப்பேரியில். கை பழகியது தெருநாய்க் கருத்தடை முகாம்களில். ஆனால் அன்று நான் அதிகம் பார்த்தது அவரை அல்ல, நாய் பிடிக்கிற அண்ணனை.

கடிக்கிற நாய்க்கு பேண்டேஜ் துணியில் சுருக்குப் போட்டு, தாடைக்கடியில் குறுக்காக இழுத்து, காதுக்குப் பின்னால் முடிந்துவிடுவார். இந்த நாய்க்கு அதைக் கட்டவில்லை. கேட்டேன். "வாந்தி எடுக்குதுல்ல சார். வாயைக் கட்டினா மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும்." ஒரு கையால் கழுத்தை அணைத்துக்கொண்டார். மறு கையின் கட்டைவிரலால் முழங்கை மடிப்பை அழுத்தி, லேசாக வெளிப்பக்கம் உருட்டினார். முன்னங்காலில் ரத்தக்குழாய் எழும்பி நின்றது. முதல் குத்திலேயே ஊசி ஏறியது. பாராட்டு ஊசி போட்டவருக்குத்தான் போகும்!

மயக்கம் ஏறியதும் மூச்சுக்குழாயில் குழாய் செருகி, மயக்க வாயுவோடு இணைத்தார்கள். தொப்புளுக்குக் கீழே நடுக்கோட்டில் கத்தி இறங்கியது. இந்த அளவு நாய்க்குப் பென்சில் கனம்கூட இராத கர்ப்பப்பைக் கொம்புகள் இரண்டும் கொழுக்கட்டைகளைக் கோத்ததுபோல் புடைத்துக் கிடந்தன. அவற்றை அமுக்கக் கூடாது. கிழிந்தால் சீழ் வயிற்றுக்குள் கொட்டிவிடும்.

கஷ்டம் அதில் இல்லை, சினைப்பையில். அது சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் இறுக்கமான நாரால் கட்டுண்டு கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் விரலாலேயே அந்த நாரைத் தளர்த்தி மேலே கொண்டுவர வேண்டும். பிறகு ரத்தக்குழாயை நூலால் இறுக்கிக் கட்டிவிட்டு வெட்ட வேண்டும். "குண்டு நாய்னா கொழுப்புல முடிச்சு வழுக்கும். அதுதான் பயம்" என்றார் டாக்டரம்மா. இரண்டு கட்டுப் போட்டார். வெட்டிய நுனியை இடுக்கியில் பிடித்தபடி சற்று நேரம் பார்த்தார். ரத்தம் கசியவில்லை என்றான பிறகே உள்ளே விட்டார். அதுவரை அண்ணன் நாயின் ஈறைப் பார்ப்பதும் இமையைத் தொடுவதுமாகவே இருந்தார். "ஈறு நல்லாருக்கு மேடம்."

'ஒரு தடவையாவது குட்டி போடட்டும், பாவம்' என்று தள்ளிப் போடுவதுதான் நம் வீடுகளில் வழக்கம். குட்டி போடுவதால் உடம்புக்கு ஒரு லாபமும் கிடையாது. ஸ்வீடனில் நடந்த ஆய்வில், கருத்தடை செய்யாத பெண் நாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இந்தச் சீழ்நோய் வந்திருக்கிறது. சின்ன வயதில் செய்தால் இதே அறுவை இவ்வளவு ஆபத்தில்லை. மார்புக்கட்டி வரும் வாய்ப்பும் குறையும். பாவம் பார்க்கிறவர்கள் அப்போதே பார்த்திருக்கலாம்.

மற்றவை வேகமாக நடந்தன. காதை உதறி உதறி ரத்தம் கட்டிய லாப்ரடாருக்கு வீக்கத்தைக் கீறி வடித்து, மறுபடி கட்டாமலிருக்கக் காது மடலை ஊடுருவித் தையல் போட்டார்கள். ஆண் பூனைக்குத் தையலே இல்லை. விதைக் குழலை அதைக்கொண்டே முடிச்சிட்டு உள்ளே தள்ளினார்கள். தோல் தானாக மூடிக்கொள்ளுமாம். மாம்பழ சீசனில் குடலில் சிக்கிய மாங்கொட்டையை எடுப்பதும் இங்கே வாடிக்கைதான்.

மாலையில் பொமரேனியனுக்குக் கழுத்தில் கூம்பு மாட்டி ஒப்படைத்தார் அண்ணன். தையல் பிரிக்கும்வரை காயத்தை நக்கவிடக் கூடாது, குளிப்பாட்டக் கூடாது என்று சொல்லி முடிப்பதற்குள் வீட்டுக்கார அம்மா கேட்டார்:

"ஏம்ப்பா, இனிமே காவலுக்குக் குரைக்குமா?"

"நல்லாக் குரைக்கும்மா. பசிதான் கூடும். சோத்தைக் குறைங்க."