மாட்டு வயலில் ஒரு டெல்லிக் கச்சேரி

ஹாம்பர்க்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போனால் இட்சஹோ. அங்கிருந்து பஸ். பஸ் முழுக்கக் கறுப்புச் சட்டை, இடுப்புவரை முடி, கழுத்துவரை பச்சை குத்திய ஆட்கள். கூட வந்த மாமா மகன் பாரீசில் பிறந்தவன். தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படை வீரர் என்பதால் குடும்பமே பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள். "பயப்படாத மச்சான், பாக்கத்தான் இப்படி. எல்லாம் சாதுப் பசங்க" என்றான்.

2019 ஆகஸ்ட் முதல் வாரம் அது. புதுச்சேரியில் எங்கள் தவளக்குப்பம் பக்கம் ஆடி மாதம். ஸ்பீக்கர் கட்டாத கோயில் இருக்காது. அந்தச் சத்தத்தில் வளர்ந்த காதுக்கு வேறெது புதுசு என்ற தைரியத்தில்தான் கிளம்பியிருந்தேன்.

நாங்கள் போன வாக்கன், சுமார் 2,000 பேர் வசிக்கும் ஊர். மக்காச்சோளக் கொல்லை, மாடு, காற்றாலை, அவ்வளவுதான். 1990இல் தாமஸ் யென்சன், ஹோல்கர் ஹூப்னர் என்ற இரண்டு உள்ளூர் இளைஞர்கள் ஒரு சரளைக் குழியில் ஆறு ஜெர்மன் குழுக்களை வைத்து மெட்டல் கச்சேரி நடத்தினார்கள். வந்தவர்கள் 800 பேர் சுமாருக்கு. அதுவே ஆண்டு விழாவாக வளர்ந்தது. நான் போனது 30ஆவது விழா. விற்ற டிக்கெட் மட்டும் 75,000. வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர் அன்று ஊர் எப்படி ஆளே மாறிப்போகுமோ, அப்படி மாறியிருந்தது வாக்கன். வீட்டு வாசலில் மேசை போட்டுப் பாட்டிமார் காப்பி விற்கிறார்கள். தீயணைப்புப் படையின் பேண்டு வாத்தியக் குழு முழுச் சீருடையில் மேடையேறி வாசிக்கிறது. அதற்கும் முரட்டுக் கூட்டம் கூரை பிய்கிற மாதிரி கத்துகிறது. தரைக்கடியில் பீருக்கென்றே 2017இல் குழாய் பதித்திருக்கிறார்கள். நம்மூரில் குடிதண்ணீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளம் எத்தனை மாதம் மூடாமல் கிடக்கும் என்று மச்சானிடம் சொல்லவில்லை.

நான் வந்தது பிளட்டிவுட்டைப் பார்க்க. டெல்லிக் குழு. இந்தி, பஞ்சாபிப் பாட்டுகளை மெட்டலாக்கி யூடியூபில் கிண்டலாகப் போட ஆரம்பித்தவர்கள், பிறகு சொந்தப் பாட்டுக்கு வந்தார்கள். கிதாரும் புல்லாங்குழலும் வாசிக்கும் கரண் கட்டியார் வக்கீல் வேலையை விட்டவர். ஜயந்த் பதூலா இந்தியில் உறுமுகிறார், ராவுல் கெர் ஆங்கிலத்தில் ராப் பாடுகிறார். அந்தக் கோடையில் ஐரோப்பாவை முதல்முறையாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். இப்படிச் சுற்றுபவர்களுக்கு வாரக் கடைசியில் திருவிழா மேடை, நடுவில் சின்ன கிளப்புகள், இடையே வேனில் தூக்கம். சுற்றுப்பயணம் என்று காதுக்கு இதமாகச் சொல்கிறோம். பாதி நேரம் நெடுஞ்சாலைதான்.

முதலில் வந்தது டோல் சத்தம். தோளில் மாட்டிய பஞ்சாபி டோல். குச்சி விழுந்ததும் என் நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. பின்னாலேயே கிதார் இடித்தது. எனக்கு முன்னால் நின்ற ஆறடி ஜெர்மன்காரர் தோளை மேலும் கீழும் ஆட்டி பாங்ரா போட முயன்றார். தாளம் பிசகவில்லை, தோள்தான் ஒத்துழைக்கவில்லை. இந்தி ஒரு சொல்லும் புரியாத கூட்டம் இந்திப் பல்லவியைத் திருப்பிக் கத்தியது. எனக்கும் இந்தி அரைகுறைதான், நானும் கத்தினேன்.

நடுவில் கூட்டம் விலகி வட்டம் கட்டும். பிறகு ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்வார்கள். அடிதடி என்று நினைத்து ஒதுங்கினேன். ஒருவர் சேற்றில் வழுக்கி விழுந்த கணத்தில் நாலைந்து கை நீண்டு தூக்கி நிறுத்தி, முதுகில் தட்டி அனுப்பியது. எழுந்தவர் மறுபடி மோதப் போனார்!

மெட்டல் ரசிகர்கள் ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும் நீட்டிக் காட்டும் கொம்பு முத்திரையைப் பேய் வழிபாடு என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். அதைப் பரப்பிய பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோ, தன் இத்தாலியப் பாட்டி கண்ணேறு கழிக்கக் காட்டுவது என்று சொல்லியிருக்கிறார். திருஷ்டி பூசணிக்காய் உடைக்கிற ஊரிலிருந்து வந்தவன் நான். கூச்சம் போய் இரண்டு கையையும் தூக்கினேன்.

திரும்பும்போது காப்பி விற்ற ஒரு பாட்டியிடம், இத்தனை பேர் மிதித்த நிலம் என்ன ஆகும் என்று கேட்கச் சொன்னேன். மச்சான் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டான். புல் முளைக்கும், மாடு வரும், கூடாரம் அடித்த முளைகளை ஒன்று விடாமல் பொறுக்கிவிட வேண்டும், மாட்டு வயிற்றுக்குள் போனால் வம்பு என்றாராம். காப்பி ஆறிப்போயிருந்தது, வேறு ஊற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.