படித்தும் சொல்லாத வரி

என் தங்கை மனச்சோர்வு மாத்திரையை விட்டதற்கு நான்தான் காரணம். மருத்துவரைக் கேட்காமல் நான் விடவைத்தேன்.

நோணாங்குப்பத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன மருந்து என்பது எல்லோருக்கும் தெரியும். சர்க்கரை மாத்திரை என்றால் அக்கறையாக விசாரிப்பார்கள். இது அப்படியா? அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் வேறு. அந்தச் சீட்டை நீட்டிக்கொண்டு மருந்துக்கடையில் நிற்கவே எனக்குக் கூசியது. கூச்சத்தை மூடிக்கொள்ள அறிவியலைத் தேடினேன்.

கிடைத்தது. குஜராத்தின் பவநகரில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வு. மனச்சோர்வுள்ள 60 பேர், 6 வாரம். சிலருக்கு ஃப்ளூக்ஸெடின், சிலருக்கு மஞ்சளில் இருக்கும் குர்குமின் தினம் 1000 மில்லிகிராம், சிலருக்கு இரண்டும். முன்னேற்றத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. குர்குமின் ரத்தத்தில் சரியாகக் கலப்பதில்லை என்று படித்தபோதும் நான் விடவில்லை. குடல் பாக்டீரியாக்கள் அதை வேறு பொருளாக மாற்றுகின்றன என்பதைப் பிடித்துக்கொண்டேன். 2019-ல் வெளியான ஒரு பெல்ஜிய ஆய்வில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தபோது, மனச்சோர்வு உள்ளவர்களின் குடலில் காப்ரோகாக்கஸ், டயாலிஸ்டர் என்ற இரண்டு வகை பாக்டீரியாக்கள் குறைந்திருந்தன. அவை குறைந்ததால் சோர்வு வந்ததா, சோர்வால் அவை குறைந்தனவா என்று அந்த ஆய்வு முடிவுகட்டவில்லை. நான் முடிவுகட்டினேன். "உனக்கு வியாதி வயித்துலதான், மனசுல இல்ல" என்று அவளிடம் சொன்னபோது எனக்கு அவ்வளவு நிம்மதி. வயிற்று நோய் என்றால் வெளியே சொல்லிக்கொள்ளலாம்.

"நிறுத்தினா திரும்பி வந்துடும்ணே" என்றாள். நான் கேட்கவில்லை. மாத்திரைக்குப் பதிலாக, குடலுக்கென்று காலையில் பழைய சோறும் மோரும், இரவில் மிளகு தட்டிப் போட்ட மஞ்சள் பால். மாத்திரை அட்டையை நானே எடுத்து வைத்துக்கொண்டேன்.

சில வாரத்தில் தூக்கம் போனது. தலை வாருவதை விட்டாள். பிறகு சாப்பாட்டையும். ஓர் இரவு அம்மாவிடம், "உசுரோட இருக்கப் பிடிக்கலம்மா" என்றிருக்கிறாள். மாத்திரை தொடங்குவதற்கு முன்பும் இதையேதான் சொன்னாள். அதற்காகத்தான் மருத்துவரிடமே போனோம். அம்மா விடியும்வரை அவள் கையை விடாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நான் உடன் போகவில்லை. மறுபடி மாத்திரை ஆரம்பித்து, இப்போது தேறிவிட்டாள்.

பவநகர் ஆய்வின் முடிவுரையில் ஒரு நிபந்தனை இருக்கிறது: தற்கொலை எண்ணம் இல்லாத நோயாளிகளுக்கே இது பொருந்தும். மூலையில் ஒளிந்திருக்கும் வரி இல்லை அது, சுருக்கத்திலேயே இருக்கிறது. நான் அதைப் படித்தேன். அங்கே கொடுத்தது செறிவாக்கிய சாறு, சமையல் மஞ்சளில் குர்குமின் நூற்றுக்குச் சில பங்குதான் என்பதையும் படித்தேன். இரண்டையும் அவளிடம் சொல்லவில்லை.

வீட்டில், "தெரியாம பண்ணிட்டேன்" என்றுதான் இதுவரை சொல்லி வந்திருக்கிறேன். "விடுண்ணே, நல்லதுக்குத்தான செஞ்ச" என்று அவள்தான் என்னைத் தேற்றினாள். தெரிந்துதான் செய்தேன். அச்சுக்கு அனுப்பும் முன் இதை அவளிடம் படிக்கக் கொடுக்கப் போகிறேன்.