விமானம் இல்லாத விமானந்தாங்கி

எங்கள் வீட்டில் போர் என்றால் ரயில்தான். கப்பல் கிடையாது. தாத்தா 1943-ல் தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர். இடது கெண்டைக்காலில் ஒரு பிடிச் சதை இல்லாமல் திரும்பி வந்தவர். நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்குக் கிடைத்ததெல்லாம் ஆயா சொன்ன மிச்சங்கள்தான்: மரவள்ளிக்கிழங்கு, வாழைமரம் அச்சடித்த பத்து வெள்ளி நோட்டு, ‘சப்பாங்காரன் காலத்துல’ என்று தொடங்கிப் பாதியில் நின்றுவிடும் வாக்கியங்கள். மலேசியத் தமிழ் வீடுகளில் இது ஒன்றும் புதிதில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலைப் படிக்கும்போது பாதிக் கதையை ஏற்கெனவே கேட்டதுபோலத் தோன்றுவது அதனால்தான்.

அப்படிப்பட்ட வீட்டின் சாப்பாட்டு மேசையில், பூச்சோங்கில் ஐந்தாவது மாடியில், எட்டு மாதமாக நான் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலைச் செய்துகொண்டிருந்தேன். பார்க்க வந்த கவிஞர் நண்பர் கேட்டார்: “தோட்டத்துல நம்மாளுங்கள அம்போன்னு விட்டுட்டு ஓடினவன் கப்பல், ப்ரோ. அத எதுக்கு சாமணத்தால கொஞ்சிக்கிட்டு இருக்கீங்க?”

நியாயமான கேள்வி. 1941 டிசம்பரில் பினாங்கிலிருந்து ஐரோப்பியர்களை மட்டும் சத்தமில்லாமல் கப்பலேற்றிவிட்டு மற்றவர்களைக் குண்டுக்கு விட்டுப்போனவர்கள் அவர்கள். அதை மறந்துவிட்டு இந்தக் கப்பலைச் செய்ய முடியாது. ஆனால் அதை மறக்காமலும் செய்யலாம் என்று நினைக்கிறேன்.

கப்பலின் பெயர் ஹெர்மஸ். விமானந்தாங்கியாகவே வரையப்பட்டு, விமானந்தாங்கியாகவே கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதல் கப்பல். அதற்கு முன்னால் இருந்தவை எல்லாம் வேறு கப்பல்களை வெட்டி ஒட்டி மாற்றியவை. 1918-ல் அடிக்கட்டை போட்டார்கள். போர் முடிந்துவிட்டது, அவசரம் போய்விட்டது, வேலை இழுத்துக்கொண்டே போனது. 1924-ல்தான் கடற்படையில் சேர்ந்தது. அதற்குள் ஜப்பானியர்கள் ஹோஷோ என்ற தங்கள் விமானந்தாங்கியை 1922 டிசம்பரிலேயே முடித்துவிட்டார்கள். முதலில் தொடங்கியும் இரண்டாவதாக வந்த கப்பல். இரண்டாம் உலகப் போர் வந்தபோது அது சின்னது, பழையது, மெதுவானது. 25 நாட் வேகம், இருபது விமானங்களுக்குத்தான் இடம்.

நான் செய்தது 1:700 அளவு. நிஜக் கப்பலின் நீளம் 183 மீட்டர். என்னுடையது 26 சென்டிமீட்டர். பள்ளிக்கூட அடிக்கோலைவிடக் குட்டை. பெட்டி ஜப்பானிலிருந்து வருகிறது. ஆவோஷிமா நிறுவனத்தின் தயாரிப்பு. 1971-ல் ஷிசுவோகாவைச் சேர்ந்த நான்கு பிளாஸ்டிக் மாடல் நிறுவனங்கள் சேர்ந்து ‘வாட்டர்லைன்’ என்ற வரிசையைத் தொடங்கின. உலகப் போர்க்கப்பல்கள் எல்லாம் ஒரே அளவில், நீர்மட்டத்தோடு வெட்டப்பட்டு. அதாவது தண்ணீருக்குக் கீழே உள்ள பகுதியே கிடையாது. மேசையில் வைத்தால் மேசைதான் கடல். இந்தக் கப்பலை மூழ்கடித்த நாட்டில், மூழ்கடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில், அதை ஒருபோதும் மூழ்க முடியாத வடிவில் அச்சுவார்த்து விற்கிறார்கள். நான் அதைத் தமிழ்ப் பாட்டு கேட்டுக்கொண்டே ஒட்டுகிறேன்.

வேலை என்று பார்த்தால் பெரும்பாலும் பொறுமைதான். சட்டத்திலிருந்து துண்டுகளை நிப்பரால் வெட்டி எடுக்க வேண்டும். வெட்டிய தழும்பைக் கத்தியால் சீவி, மணல்தாளால் தேய்க்க வேண்டும். பசை தண்ணீர்போல இருக்கும். இணைப்பில் தூரிகை நுனியை வைத்தால் தானே உள்ளே ஓடிப் பிளாஸ்டிக்கை உருக்கிப் பிடித்துக்கொள்ளும். ஓரக் கம்பித்தடுப்புகளைப் பிளாஸ்டிக்கில் வார்த்தால் தடிமனாகிவிடும். அதற்குப் பித்தளைத் தகடு தனியாக வருகிறது. அமிலத்தில் அரித்து எடுத்த, தலைமுடி கனம் உள்ள கம்பிகள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மடக்க வேண்டும். காற்றாடி ஓடக்கூடாது. பூச்சோங் வெயிலில் காற்றாடி இல்லாமல் உட்காருவதே ஒரு தவம்.

கம்பிவடங்களுக்கு ஒரு பழைய வழி இருக்கிறது. வேலை முடிந்த சட்டத்துண்டை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே காட்டி, அது இளகும் நேரம் பார்த்து இரண்டு கையாலும் இழுத்தால், பிளாஸ்டிக் சிலந்தி நூலாக நீளும். அதை வெட்டி மூன்றுகால் பாய்மரத்திலிருந்து தளத்துக்குக் கட்டலாம். பெயின்ட் அடிப்பது மட்டும் இந்த ஊரில் வானத்தின் கையில். நாலு மணி மழைக்கு முன்னால் பால்கனியில் அடித்து முடித்துவிட வேண்டும். ஈரக்காற்றில் வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துவிடும்.

எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் ஒரு கட்டத்தில் புகைப்படம் வேண்டியிருக்கிறது. கடைசி நாளில் இந்தக் கப்பல் எப்படி இருந்தது? அதற்குப் படங்கள் இருக்கின்றன. புகழ்பெற்றவை. சாய்ந்து, எரிந்து, தண்ணீர் தளத்தைத் தொடும் நிலையில் ஹெர்மஸ். மேலேயிருந்து எடுத்தவை, அதாவது ஜப்பானிய விமானத்திலிருந்து. கொல்ல வந்தவனின் கேமராதான் எனக்கு ஆதாரம். ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்த இரவில் அப்பா பின்னால் வந்து நின்றார். ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏய்யா, ப்ளேன் கப்பல்னு சொன்ன. ப்ளேன் எங்க?”

அதுதான் விஷயம். ப்ளேன் இல்லை.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. நகுமோவின் கப்பற்படை கொழும்பைத் தாக்கியது. அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோக்காக்கு, சுய்காக்கு என்று ஐந்து பெரிய விமானந்தாங்கிகள். மறுநாள் ர்யூஜோ என்ற இன்னொரு விமானந்தாங்கியின் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. மதராசில் பீதி. அரசு அலுவலகங்களை உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றினார்கள், மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த அடி திருகோணமலைக்கு என்று தெரிந்ததும், 8-ஆம் தேதி இரவு துறைமுகத்தில் இருந்த கப்பல்களை வெளியே அனுப்பினார்கள். ஹெர்மசின் ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள் அப்போது கரையில் இருந்தன. அவை இல்லாமலேயே அது கிளம்பியது. துணைக்கு வேம்பயர் என்ற ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல்.

மறுநாள் காலை மட்டக்களப்புக்கு அருகே ஹருனா போர்க்கப்பலின் வேவு விமானம் அவற்றைக் கண்டுவிட்டது. ஹெர்மஸ் கரையிலிருந்து சண்டை விமானங்கள் கேட்டது. அவை நேரத்துக்கு வரவில்லை. பத்தரை மணிக்கு மேல் எண்பதுக்கும் அதிகமான குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. ஹெர்மசில் 307 பேர் இறந்தார்கள், கேப்டன் ஆன்ஸ்லோ உட்பட. வேம்பயரும் மூழ்கியது. அந்தப் பக்கமாகப் போன வீட்டா என்ற மருத்துவமனைக் கப்பல் ஏறக்குறைய 600 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கியது. ஹெர்மஸ் இன்னும் மட்டக்களப்புக் கடலில், ஐம்பது மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. ஆழ்கடல் முக்குளிப்பவர்கள் போய்ப் பார்த்து வருகிறார்கள்.

பெட்டியில் விமானங்கள் உண்டு. ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டர் அகலம், அழகான இரட்டைச் சிறகுகள். இந்தக் கப்பலைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் அவற்றைத் தளத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். கண்காட்சியில் கண்ணை இழுப்பவை அவைதான். விமானம் இல்லாத விமானந்தாங்கி வெறும் பலகைபோல இருக்கும். நான் செய்துகொண்டிருந்தது ஏப்ரல் 9-ஆம் தேதிக் கப்பல். அதனால் விமானங்களை உறையிலேயே விட்டுவிட்டேன். தளம் காலி.

“எதுவும் இல்லாம அனுப்பிச்சானுங்களா? அந்தாளுங்கள?” என்றார் அப்பா. அவர் குரலில் இருந்தது வெள்ளைக்காரன் மேல் உள்ள பழைய கோபம் இல்லை, வேறு ஒன்று. முதலாளி சொன்னான் என்பதற்காகப் பிரேக் சரியில்லாத லோரியை எடுத்துக்கொண்டு கெந்திங் மலைப்பாதையில் இறங்கியவர் அவர். சக ஓட்டுநர்களுக்காக வரும் குரல் அது.

அதன்பிறகு அவர் தினமும் வந்து உட்கார ஆரம்பித்தார். நான் ஒட்டுவேன், அவர் மேசை விளக்கை நகர்த்திப் பிடிப்பார். தாத்தாவைப் பற்றி நேராகக் கேட்டால் வாய் திறக்காதவர், கை வேலையாக இருக்கும்போது பேசினார். தாத்தா மழைக்காலத்தில் கால் புண்ணைக் கரண்டியால் சுரண்டச் சொன்னது. தூரத்தில் ரயில் கூவினால் சோற்றிலிருந்து கையை எடுத்துவிடுவது. ஒரே லயத்திலிருந்து போன பதினொரு பேரில் மூன்று பேர் திரும்பியது.

அப்போதுதான் எனக்கு ஒரு இணைப்பு தெரிய ஆரம்பித்தது. ரயிலும் கப்பலும் இரண்டு கதை என்று நினைத்திருந்தேன். ஹெர்மசை மூழ்கடித்த இரண்டே மாதத்தில், 1942 ஜூனில், மிட்வேயில் அகாகி, சோர்யு, ஹிர்யு மூன்றும் அழிந்தன, கூடவே ககாவும். கடலில் ஜப்பானின் கை சுருங்கியது. பர்மாவில் இருக்கும் படைக்குச் சிங்கப்பூரைச் சுற்றி, மலாக்கா நீரிணை வழியாகக் கப்பலில் பொருள் அனுப்புவது ஆபத்தான வேலை. நீர்மூழ்கிகள் காத்திருக்கும். தரைவழி வேண்டும். அதே ஜூன் மாதத்தில்தான் சயாம்-பர்மா ரயில் பாதைக்கான உத்தரவு வந்தது. திட்டம் அதற்கு முன்பே பேச்சில் இருந்ததுதான். ஆனால் கடல் எவ்வளவுக்கு எவ்வளவு கைவிட்டதோ, அவ்வளவுக்கு அவ்வளவு தண்டவாளத்துக்கு அவசரம் கூடியது. அந்த அவசரத்தை உடம்பில் வாங்கியவர்கள் தோட்டத்திலிருந்து லோரியில் ஏற்றப்பட்டவர்கள். மேலே விமானம் பறந்த தளத்துக்கும் கீழே தாத்தாவின் காலுக்கும் நடுவில் இருந்த தூரம் நான் நினைத்ததைவிடக் குறைவு.

மாடல் செய்கிறவனுக்கு எதையும் 700-ஆல் வகுத்துப் பார்க்கும் வியாதி வந்துவிடும். ஒரு மனிதன் இந்த அளவில் 2.4 மில்லிமீட்டர். கடுகைவிடக் கொஞ்சம் உயரம். ரயில் பாதை 415 கிலோமீட்டர். வகுத்தால் ஏறக்குறைய 593 மீட்டர். எந்த மேசையிலும் அடங்காது. எங்கள் பிளாக்கின் கார்டு போஸ்ட்டில் தொடங்கி, நாசி லெமாக் கடை, கார் கழுவும் இடம், பெட்ரோல் நிலையம் எல்லாம் தாண்டிப் போய்விடும். அங்கே இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பான்மை தமிழர்கள். அந்த 593 மீட்டர் நெடுக அவர்களை வைத்துக்கொண்டே போனால், ஏழு மில்லிமீட்டருக்குள் ஒரு ஆள். சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்கு ஒரு கடுகு.

ஹெர்மசின் 307 பேருக்கும் பெயர் இருக்கிறது. இங்கிலாந்துத் துறைமுக நகரங்களின் நினைவுச் சின்னங்களில் பொறித்திருக்கிறார்கள். காஞ்சனபுரியில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாகப் பெயரோடு நிற்கின்றன. தாத்தாவோடு போய்த் திரும்பாத எட்டுப் பேருக்கு அப்பாவுக்குத் தெரிந்த பெயர்கள் இரண்டு. அவற்றை இப்போது எழுதி வைத்திருக்கிறேன். இந்தக் கப்பலை நான் செய்திருக்காவிட்டால் அந்த இரண்டும் கிடைத்திருக்காது. எதிரியின் கப்பலா, எசமானின் கப்பலா என்ற கேள்விக்கு இதைவிடப் பெரிய பதில் என்னிடம் இல்லை. ஒரு சின்னப் பொருளை உண்மையாகச் செய்ய முயன்றால், அது கேட்காத இடத்துக்கெல்லாம் நம்மைக் கூட்டிப்போகிறது.

அடுத்தது வேம்பயர் என்று முடிவாகிவிட்டது. பதினான்கு சென்டிமீட்டர்கூட வராத நாசகாரி. அதற்கு நம்மூர்க் கதை ஒன்று இருக்கிறது. 1941 டிசம்பர் 10-ஆம் தேதி, குவந்தான் கடலில் பிரின்ஸ் ஆஃப் வேல்சும் ரிப்பல்சும் மூழ்கின. மேலே ஒரு விமானப் பாதுகாப்பும் இல்லாமல் போன இரண்டு பெரிய கப்பல்கள். 840 பேர் இறந்தார்கள். கூடப் போயிருந்த வேம்பயர் இருநூறுக்கும் மேற்பட்டவர்களைத் தண்ணீரிலிருந்து தூக்கிக்கொண்டது. அந்தக் குட்டிக் கப்பலின் தளம் அன்று ஆட்களால் நிரம்பியிருந்திருக்கும். அதைத்தான் செய்யப் போகிறேன். இந்தமுறை தளம் காலியாக இருக்காது. 2.4 மில்லிமீட்டர் மனிதர்களைப் பித்தளைத் தகட்டில் வெட்டி விற்கிறார்கள். ஒவ்வொருவராக எடுத்து ஒட்ட வேண்டும்.

“எத்தன பேரு?” என்றார் அப்பா.

“இருநூறுக்கு மேல.”

“நீ ஒட்டு,” என்றார். “எண்ணுறது என் வேல.”